தின் கிளையண்டில் எடை அரை நிமிடம் பின்தங்குகிறது, ரசீது ஊர்ந்து வருகிறது: சீரியல் போர்ட் வேகத்தைக் கூட்டினால் சரியாகுமா?

கேள்வி இதுதான்: குலசேகரத்தில் ரப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கும் கடை. எடை மெஷினும் ரசீது பிரிண்டரும் ஒரு தின் கிளையண்டின் (சர்வரில் ஓடுவதைத் திரையில் காட்டும் சின்னக் கணினி) சீரியல் போர்ட்டுகளில். பில்லிங் புரோகிராம் நாகர்கோவில் சர்வரில், ரிமோட் டெஸ்க்டாப் வழியாக. திறந்தவுடன் எடை சரியாக வருகிறது, ஐந்து நிமிடத்துக்குள் அரை நிமிடம் பின்தங்கிவிடுகிறது. புரோகிராமை மூடித் திறந்தால் மறுபடி சரி. தமிழில் அடிக்கும் ரசீது வெளிவர ஒரு நிமிடம். வேகத்தை 9600லிருந்து 115200 ஆக்கியதும் எடை வருவதே நின்றுவிட்டது. தக்கலைக் கிளையில் இதே செட்டப் ஒழுங்காக ஓடுகிறது. தின் கிளையண்டை மாற்ற வேண்டுமா?

மாற்ற வேண்டாம். முதலில் எடை போர்ட்டைத் திரும்ப 9600க்குக் கொண்டுவாருங்கள். சீரியலில் இரண்டு முனையும் ஒரே வேகத்தில் இருந்தாக வேண்டும். தின் கிளையண்டில் மட்டும் 115200 போட்டால் இண்டிகேட்டர் (எடை மெஷினின் எண் காட்டும் பெட்டி) தன் பாட்டுக்கு 9600லேயே அனுப்பும். வந்து சேர்வதெல்லாம் குப்பை. எடைக்கு 9600 தாராளம். ஸ்டார்ட் பிட், ஸ்டாப் பிட் சேர்த்து ஓர் எழுத்துக்கு 10 பிட், ஆக செகண்டுக்கு 960 எழுத்து. ஓர் எடை வரி 16 எழுத்து என்றால் கம்பியைக் கடக்க 17 மில்லி செகண்ட் போதும். அரை நிமிடத் தாமதத்துக்கும் பாட் ரேட்டுக்கும், அதாவது இந்த 9600, 115200 வேகத்துக்கும், சம்பந்தமே இல்லை.

தாமதம் எங்கே என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. எடை பின்தங்கும் நேரத்தில் தராசில் 20 கிலோ படிக்கல்லை வையுங்கள். இண்டிகேட்டரில் 20.00 நின்று ஓரிரு செகண்ட் ஆனதும், திரையில் இன்னும் பூஜ்யம் இருக்கும்போதே, சீரியல் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். கேபிள் கையில் இருக்க, கொஞ்ச நேரம் கழித்துத் திரையில் எண் தானாக 20க்கு ஏறினால் விஷயம் முடிந்தது. நீங்கள் பார்ப்பது பஃபரில், அதாவது வந்த எழுத்துகளை வாசிக்கும்வரை தேக்கி வைக்கும் நினைவகத்தில், வரிசை கட்டி நிற்கும் பழைய எடை.

வரிசை ஏன் சேர்கிறது? ரிமோட் டெஸ்க்டாப்பில் காம் போர்ட்டை (சீரியல் போர்ட்டுக்கு விண்டோஸ் வைத்த பெயர்) ரீடைரக்ட் செய்தால், அதாவது கடையின் போர்ட்டை சர்வரில் இருப்பதுபோல் காட்டினால், புரோகிராம் போர்ட்டிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் நெட்வொர்க்கில் கடைக்கு வந்து பதிலோடு திரும்ப வேண்டும். "எத்தனை எழுத்து வந்திருக்கிறது?" என்பது ஒரு நடை, "அதைக் கொடு" என்பது இன்னொரு நடை. பிங் (ஒரு பாக்கெட் போய்த் திரும்பும் நேரம்) 60 மில்லி செகண்ட் என்று வைத்தால் ஒரு வரிக்கு 120 மில்லி செகண்ட். செகண்டுக்கு எட்டு வரிதான் வாசிக்க முடியும். இண்டிகேட்டரோ கன்டினியூவஸ் மோடில், யாரும் கேட்காமலே, செகண்டுக்குப் பத்து வரி அனுப்புகிறது. மிச்சம் இரண்டுக்குச் சற்றுக் குறைவு, செகண்டுக்குச் செகண்ட் சேருகிறது. பஃபர் 4096 பைட் என்றால் 256 வரி கொள்ளும். இரண்டரை நிமிடத்தில் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு திரையில் தெரிவது எப்போதும் 30 செகண்ட் பழசு. மூடித் திறந்தால் பஃபர் காலியாகிறது, அதனால்தான் அப்போது சரியாகத் தெரிகிறது. உங்கள் எண்கள் கொஞ்சம் மாறலாம், நடப்பது இதுதான்.

தக்கலையில் ஓடுவதற்கும் காரணம் இதே கணக்கு. அங்கே பிங் 20 ஆக இருந்தால் செகண்டுக்கு 25 வரி வாசிக்கலாம், வரிசையே சேராது. குலசேகரத்திலிருந்து நாகர்கோவில் பக்கம்தானே என்று நினைக்க வேண்டாம். கடையிலும் ஆபீஸிலும் வேறு வேறு கம்பெனி இணைப்பு என்றால் பாக்கெட் சென்னை வரை போய்த் திரும்புவதும் உண்டு. இரண்டு கிளையிலிருந்தும் சர்வருக்குப் பிங் அடித்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதில் பயப்பட வேண்டியது தாமதத்துக்கு அல்ல. பஃபர் நிரம்பி வழியும்போது வரி நடுவில் அறுபடும். 125.40 என்பது 25.40 ஆக வந்து விழலாம். வரியின் நீளமும் தொடக்க, முடிவு எழுத்துகளும் சரிதானா என்று பார்க்காமல் எண்ணை மட்டும் பிடுங்கும் புரோகிராம் அதை அப்படியே பில்லில் போட்டுவிடும். சாஃப்ட்வேர் எழுதியவரிடம் இதை முதலில் கேளுங்கள்.

சரி செய்ய மூன்று வழி. சுலபமானது, இண்டிகேட்டரைக் கன்டினியூவஸிலிருந்து டிமாண்ட் மோடுக்கு மாற்றுவது: கேட்டால் மட்டும் ஒரு வரி அனுப்பும். எந்த எழுத்தை அனுப்பிக் கேட்க வேண்டும் என்பது மெஷினுக்கு மெஷின் மாறும், மேனுவலில் இருக்கும். புரோகிராமும் அதை அனுப்பும்படி இருக்க வேண்டும். ஒரு சிக்கல் இங்கே வரும். கன்டினியூவஸுக்கு இரண்டு கம்பி போதும் என்பதால் பல கடைகளில் கணினிப் பக்கம் 2ஆம் பின்னும் 5ஆம் பின்னும் மட்டுமே சால்டர் செய்திருப்பார்கள். டிமாண்ட் மோடுக்கு 3ஆம் பின்னிலிருந்து இண்டிகேட்டரின் வாங்கும் பின்னுக்கு மூன்றாவது கம்பி வேண்டும். அது இல்லாமல் மோடை மட்டும் மாற்றினால் எடை வரவே வராது. கம்யூனிகேஷன் மெனு பொதுவாகக் காலிபிரேஷனுக்கு (எடையின் துல்லியத்தைச் சரிசெய்யும் பகுதி) வெளியே தனியாக இருக்கும். தொழிலாளர் துறை முத்திரை போட்ட பகுதியைத் திறக்கச் சொல்லும் மெக்கானிக்கை அனுமதிக்காதீர்கள்.

இரண்டாவது, புரோகிராமில் திருத்தம்: "எடை எடு" பட்டனை அழுத்தியதும் பஃபரைக் காலி செய்து, புதிதாக வரும் முதல் முழு வரியை மட்டும் எடுப்பது. ஓரிரு வரி வேலைதான். எழுத்து எழுத்தாக வாசிக்கும் புரோகிராம் என்றால் அதையும் மாற்றச் சொல்லுங்கள்; 16 எழுத்துக்கு 32 நடை என்றால் ஒரு வரிக்கே இரண்டு செகண்ட் போய்விடும்.

மூன்றாவது வழிதான் என் பார்வையில் நிரந்தரத் தீர்வு: வாசிப்பதைக் கடையிலேயே வைத்துக்கொள்வது. தின் கிளையண்டிலேயே ஒரு சின்ன புரோகிராம் போர்ட்டை வாசித்து, கடைசி எடையை மட்டும் வைத்திருந்து, சர்வர் கேட்டால் கொடுக்கும். லினக்ஸ் தின் கிளையண்டில் இடம் இருந்தால் செர்-டு-நெட் (ser2net) என்ற புரோகிராம் போதும். சீரியலில் வருவதை நிற்காமல் நெட்வொர்க் வழியே தள்ளிவிடும், வரிக்கு வரி நடை கிடையாது. சாதாரணமாக அமைத்தால் அது பாஸ்வேர்டு கேட்காது என்பதால் விபிஎன்னுக்கு (கடைக்கும் ஆபீஸுக்கும் இடையிலான பாதுகாப்பான தனி இணைப்பு) வெளியே திறந்து வைக்காதீர்கள். சீரியலை யூஎஸ்பியாக மாற்றும் கன்வெர்ட்டரை அப்படியே யூஎஸ்பி ரீடைரக்ஷனில் சர்வருக்குக் கொண்டுபோகும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள், காம் ரீடைரக்ஷனைவிட மோசமாகும்.

பிரிண்டர் கதை வேறு. அங்கே குற்றவாளி பாட் ரேட்டேதான். பிரிண்டருக்குள் தமிழ் எழுத்து இல்லாததால் ரசீது முழுக்கப் படமாகப் போகிறது. மூன்றங்குலப் பிரிண்டரில் ஒரு வரிசைக்கு 576 புள்ளி, அதாவது 72 பைட். மில்லிமீட்டருக்கு எட்டு வரிசை. பத்து சென்டிமீட்டர் ரசீதுக்கு 800 வரிசை, மொத்தம் 57,600 பைட். 9600ல் சரியாக 60 செகண்ட். 115200ல் 5 செகண்ட். பிரிண்டரை அணைத்து, அடியில் உள்ள டிப் ஸ்விட்சில் வேகத்தை மாற்றி, ஃபீட் பட்டனை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்தால் பல மாடல்களில் செட்டிங் தாள் அச்சாகும். அதில் புது வேகம் வந்த பிறகு போர்ட்டிலும் அதையே போடுங்கள். ஃப்ளோ கன்ட்ரோலும் ("பொறு, நிரம்பிவிட்டது" என்று பிரிண்டர் சொல்லும் முறை) இரண்டு பக்கமும் பொருந்த வேண்டும், கேபிளில் அதற்கான கம்பியும் இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதி ரசீது சீனமாக அடிக்கும். வேகத்தைக் கூட்ட முடியாத பழைய பிரிண்டர் என்றால், கடைப் பெயரும் விலாசமும் உள்ள தலைப்பைப் பிரிண்டரின் நினைவகத்தில் லோகோவாக ஏற்றிவிட்டு, எண்களைப் பிரிண்டரின் சொந்த எழுத்தில் அடிக்கச் சொல்லுங்கள். வாடிக்கையாளர் பெயர் மட்டும் 24 புள்ளி உயரப் படமாகப் போனால் இரண்டு செகண்டுக்குள் முடியும்.

தின் கிளையண்ட் பக்கம் பார்க்க வேண்டியவை குறைவு. விண்டோஸ் என்றால் டிவைஸ் மேனேஜரில் போர்ட்டின் அட்வான்ஸ்டு பக்கத்தில் ஃபிஃபோ (சிப்பிலேயே உள்ள சின்ன பஃபர்) டிக் ஆகியிருக்கட்டும். 115200ல் எழுத்து விடுபட்டால் ரிசீவ் பஃபரை 14லிருந்து 8க்கு இறக்குங்கள். சிப்பில் மொத்தமே 16 எழுத்துக்குத்தான் இடம், 14 நிரம்பும்வரை காத்திருந்தால் பிராசசருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. எஃப்டிடிஐ கம்பெனி சிப் உள்ள யூஎஸ்பி கன்வெர்ட்டர் என்றால் லேட்டன்சி டைமர் (வந்த எழுத்தை அனுப்பாமல் காத்திருக்கும் நேரம்) 16 மில்லி செகண்டாக இருக்கும், 1 ஆக்குங்கள். இதையெல்லாம் செய்யும் முன் ரைட் ஃபில்டரை (ரீஸ்டார்ட் ஆனதும் மாற்றங்களை அழித்துவிடும் பாதுகாப்பு) நிறுத்தி ரீஸ்டார்ட் செய்யுங்கள், முடித்ததும் திரும்பப் போடுங்கள். அதை மறந்தால் மறுநாள் காலை எல்லாம் பழையபடி இருக்கும். "நேற்று சரியாச்சு, இன்னைக்கு மறுபடி போச்சு" என்ற புகார்களில் பாதி இதுதான்.

கேபிளுக்கு இதில் பங்கு குறைவு, ஆனால் 15 மீட்டருக்கு மேல் இழுத்திருந்தால் சுருக்குங்கள். குளச்சல், முட்டம் பக்கம் மீன் கடைகளில் இருப்பவர்கள் ஒன்பது பின் இணைப்பைக் கழற்றிப் பார்க்கவும், உப்புக்காற்றில் பின் பச்சை பூத்து எழுத்து சிதறும். குலசேகரத்தில் ஐப்பசி இடிக்கு, வெளியில் இருந்து வரும் எடைமேடைக் கேபிளில் ஆப்டோ ஐசொலேட்டர் (மின் இணைப்பு இல்லாமல் ஒளி வழியாக சிக்னலைக் கடத்தும் கருவி) ஒன்று போடுவது நல்லது.

டிமாண்ட் மோடுக்குப் போன பிறகும் பின்தங்கினால், இண்டிகேட்டர் மாடலையும் இரண்டு கிளையின் பிங் எண்ணையும் கேள்வியில் சேர்த்துவிடுங்கள்.