ஊர் திரும்புவதற்கான பணத்தை முதலில் எடுத்து வையுங்கள்

கேள்வி: பழைய வேலையை விட்டாயிற்று, புதியதில் சேர மூன்று மாதம் இருக்கிறது. அதற்குள் வெளிநாட்டில் இரண்டு மாதம் தனியாக மலைப்பாதைகளில் நடக்க ஆசை. எந்த ஊரில் எத்தனை நாள் என்றெல்லாம் முடிவு செய்யப் போவதில்லை. ஓரளவு சேமிப்பு இருக்கிறது, போதாவிட்டால் கிரெடிட் கார்டு. இது முட்டாள்தனமா?

பதில்: இல்லை. ஆனால் 'போதாவிட்டால் கிரெடிட் கார்டு' என்றீர்களே, அங்கேதான் உதைக்கிறது. அந்தக் கார்டில் ஏடிஎம்மில் பணம் எடுத்தால், பெரும்பாலும் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

சேமிப்பிலிருந்து இரண்டு தொகைகளை இப்போதே பிரித்துவிடுங்கள். ஒன்று, நாளைக்கே ஊர் திரும்ப வேண்டுமென்றால் விமான டிக்கெட் என்ன விலையோ, அது. இன்னொன்று, திரும்பியபின் முதல் சம்பளம் வரும்வரை ஆகும் வீட்டுச் செலவு. மிச்சம்தான் பயணப் பணம். அது குறைவாகத் தெரிந்தால் நாட்களைக் குறையுங்கள், இந்த இரண்டிலும் கை வைக்காதீர்கள்.

தினசரி பட்ஜெட் போடாதீர்கள். பாதையில் நடக்கும் நாளில் செலவழிக்க நினைத்தாலும் கடை இருக்காது. ஐந்து நாள் கழித்து ஊருக்குள் இறங்கினால் வெந்நீர்க் குளியல், துணி துவைப்பு, நல்ல சாப்பாடு என்று ஒரே நாளில் பறந்துவிடும். நானே ஒருமுறை மூன்று நாள் மழையில் விடுதியில் முடங்கி, நடந்த பத்து நாளுக்கு ஆனதைவிட அதிகம் செலவழித்திருக்கிறேன். வாரக் கணக்கு போதும். ஒரு வாரம் எகிறினால் அடுத்த வாரம் மலையிலேயே இருங்கள்!

காப்பீட்டில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பல பயணப் பாலிசிகள் குறிப்பிட்ட உயரத்துக்கு மேல் மலையேற்றத்தை ஏற்பதில்லை. கூடுதல் பிரீமியம் கட்டினால் சிலவற்றில் கிடைக்கும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கேட்பார்கள். அது இருக்கிறதே என்று நிம்மதியாகிவிட வேண்டாம். மலையில் தேடி, ஹெலிகாப்டரில் இறக்கும் செலவு அதில் அடங்குமா என்று தனியாகப் பாருங்கள். தேதி தள்ளிப்போனால் வெளிநாட்டிலிருந்தே பாலிசியை நீட்டிக்க முடியுமா? உங்களைப் போல் திட்டமில்லாமல் போகிறவர்களுக்கு இது முக்கியம்.

அப்புறம், எல்லா இடமும் உங்கள் மனப்போக்குக்கு வளைந்து கொடுக்காது. நியூசிலாந்தின் மில்ஃபோர்டு பாதையில் சீசனில் முன்பதிவு கட்டாயம். 2023 ஏப்ரலில் நேபாளம் பல பாதைகளில் வழிகாட்டி இல்லாமல் வெளிநாட்டவர் தனியாக நடக்கக் கூடாதென்று விதித்தது. அங்கே போவதானால் வழிகாட்டியின் கூலியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். போகும் நாட்டிலிருந்து வெளியேறும் டிக்கெட் காட்டாவிட்டால் விமானத்திலேயே ஏற்றாத வழித்தடங்கள் உண்டு. தேதி மாற்றக்கூடிய டிக்கெட் விலை கூடுதல்தான், உங்களுக்கு அதுவே சரி.

கார்டு இரண்டு, வெவ்வேறு பைகளில். கடையில் கார்டு இயந்திரம் 'உங்கள் நாட்டுப் பணத்திலா?' என்று கேட்டால் வேண்டாமென்று உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுங்கள்.

கடைசியாக, புது வேலையின் நியமனக் கடிதம் கைக்கு வந்துவிட்டதா? வரவில்லையென்றால், வீட்டுச் செலவுக்கு ஒதுக்கிய தொகையை இரட்டிப்பாக்கி மறுபடி கணக்குப் போடுங்கள்.