அமெரிக்கத் துப்பாக்கிக் கடையில் ஓட்டுநர் உரிமத்தைக் காட்டியும் திருப்பி அனுப்புவது ஏன்?

பெரும்பாலும் முகவரிதான் காரணம். அரசு வழங்கிய, காலாவதியாகாத புகைப்பட அடையாள அட்டையில் பெயர், பிறந்த தேதி, இப்போது குடியிருக்கும் முகவரி மூன்றும் இருக்க வேண்டும். அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் முகவரி அச்சிடப்படுவதில்லை. அது மட்டும் போதாது. வீடு மாறியிருந்தால் புது முகவரியுள்ள வாகனப் பதிவுச் சான்று போன்ற இன்னொரு அரசு ஆவணத்தையும் கொண்டுபோங்கள். தபால் பெட்டி எண் செல்லாது.

அடுத்து 4473 படிவம், அதாவது துப்பாக்கி வாங்குபவர் கடையில் நிரப்ப வேண்டிய கூட்டரசுப் படிவம். உங்கள் பகுதியை நீங்களே நிரப்ப வேண்டும். தவறாக எழுதினால் ஊழியர் திருத்தக்கூடாது. நீங்களே அடித்து, சுருக்கொப்பமும் தேதியும் இட வேண்டும். இதை அலட்சியமான சேவை என்று பலர் கோபித்துக்கொள்வது நியாயமில்லை, தணிக்கையில் மாட்டுவது கடையின் உரிமம்.

பிறகு எஃப்.பி.ஐ. பின்னணிச் சரிபார்ப்பு. ‘தாமதம்’ என்று வந்தால் அது மறுப்பல்ல. மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால் கூட்டரசுச் சட்டப்படி கடை துப்பாக்கியைக் கொடுக்கலாம், கட்டாயமில்லை. 21 வயதுக்குக் கீழே என்றால் பத்து வேலை நாள் வரை நீளலாம். மாநிலச் சட்டம் இன்னும் கடுமையாக இருக்கலாம்.

நண்பர் பணம் தந்து அவருக்காக வாங்குவதாகச் சொன்னால் விற்பனை அங்கேயே நின்றுவிடும். அதை மறைத்துப் படிவத்தில் பொய் எழுதுவது கூட்டரசுக் குற்றம்.