வீட்டில் சிறிய தச்சுப் பட்டறை வைத்திருப்பவருக்கு மரத்தூள் உறிஞ்சும் அமைப்பு உண்மையிலேயே தேவையா? எதிலிருந்து தொடங்குவது?

வீட்டிலேயே பட்டறை அமைத்து வருவதாகவும், மரத்தூளை உறிஞ்ச ஒரு வேக்குவம் கிளீனர் போதுமா அல்லது அதற்கென்றே உள்ள டஸ்ட் கலெக்டர் இயந்திரத்தை வாங்கித்தான் ஆக வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கதவுக்கு இந்தப் பக்கம் பட்டறையும் அந்தப் பக்கம் குடும்பமும் இருப்பதாக எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். என் வீட்டில் நிலைமை அதுதான். நான் மருத்துவனோ பொறியாளனோ அல்லன். பன்னிரண்டு ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் மரவேலை செய்து வருபவன். அவற்றுள் முதல் நான்கு ஆண்டுகள் தவறான அமைப்பை வைத்துக்கொண்டு, அது சரியானது என்று நம்பியிருந்தேன். அந்த வருத்தம்தான் இதை எழுத வைக்கிறது.

நான் முதலில் வாங்கியது துணிப்பை மாட்டிய ஒரு டஸ்ட் கலெக்டர். மேசையில் பொருத்திய வட்ட ரம்பமான டேபிள் சாவுக்கும், பலகையைச் சீவி மட்டமாக்கும் பிளானருக்கும் மாற்றி மாற்றி இணைத்துக்கொள்வேன். தரையில் சீவல் கிடக்காது, பார்க்க வருபவர்களும் பாராட்டுவார்கள். ஆனால் வேலை செய்த நாளின் இரவில் மூக்கடைப்பும் வறட்டு இருமலும் தவறாமல் வரும். பருவநிலை ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிடுவேன். ஒரு நாள் தேக்கு மேசைப் பலகை ஒன்றைச் சாண்டரில் 220-ஆம் எண் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முடித்து, விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பியபோது, ஒரு திருகு கீழே விழுந்து உருண்டது. அதைத் தேடக் கைபேசியின் டார்ச்சை அடித்தேன். வெளிச்சம் போன வழியெல்லாம் பழுப்பு நிறப் பொடி மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது. இயந்திரங்களை நிறுத்தி அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சந்தேகம் வந்து, இருட்டிலேயே டஸ்ட் கலெக்டரை ஓடவிட்டுப் பையின் மேல் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தேன். பை உப்பியதும், துணியின் பரப்பு முழுவதிலிருந்தும் தையல் ஓரங்களிலிருந்தும் ஊதுபத்திப் புகை போல நுண்தூள் கசிந்தது. பெரிய சீவல்களைப் பிடித்து வைத்துக்கொண்டு, மிக நுண்ணிய தூளை என் முகத்தின் உயரத்துக்கே அந்த இயந்திரம் நான்கு ஆண்டுகளாக ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. எத்தனை முறை துடைத்தாலும் தன் படிப்பு மேசையில் பழுப்பாக ஏதோ படிகிறது என்று என் மகள் அதற்கு முந்தைய வாரம்தான் சொல்லியிருந்தாள். அது தேக்கின் நிறம் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பை 30 மைக்ரானும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அதற்கு மேலும் உள்ள துகள்களைத்தான் பிடிக்கும் என்பதைப் பிறகு தேடித்தான் தெரிந்துகொண்டேன். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான். நுரையீரலின் அடியாழம் வரை போகக்கூடிய துகள்களோ பெரும்பாலும் 5 மைக்ரானுக்கும் சிறியவை. அவை கண்ணுக்குத் தெரியாமல் மணிக்கணக்கில் காற்றில் மிதக்கும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வெளியிட்ட மதிப்பீட்டில் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. மூக்கின் உட்பகுதியிலும் அதைச் சுற்றியுள்ள எலும்பறைகளிலும் (சைனஸ்) வரும் புற்றுநோயே அதில் முதன்மையானது. அந்த ஆய்வுகள் தொழிற்கூடங்களில் பல்லாண்டு உழைத்தவர்களைப் பற்றியவை, வார இறுதியில் மரம் அறுப்பவருக்கு அது பொருந்தாது என்று சிலர் சொல்லக்கூடும். உங்களுக்கும் அந்நோய் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு சிறிய கணக்கைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023 முதல் கடின மரத்தூளுக்கு வைத்திருக்கும் பணியிட வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றுக்கு 2 மில்லிகிராம். மூன்று மீட்டர் அகலமும் நான்கு மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள அறையில் 30 கன மீட்டர் காற்று இருக்கும். அந்த அளவை எட்ட 60 மில்லிகிராம் தூள் காற்றில் கலந்தால் போதும். அது ஒரு சிட்டிகைக்கும் குறைவு.

"எங்கள் தாத்தா எந்த இயந்திரமும் வைத்துக்கொள்ளாமல் எண்பது வயது வரை தச்சு வேலை செய்தார்" என்று யாராவது கீழே எழுதுவார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அவரை மதிக்கிறேன். அவர் இழைப்புளியால் தள்ளியபோது சுருள் சுருளாகச் சீவல் காலடியில் விழுந்தது; கைரம்பத்தின் தூளும் பெரும்பாலும் கனமானது, விரைவில் தரையில் படிந்துவிடும். நிமிடத்துக்குப் பல்லாயிரம் முறை அதிரும் சாண்டரும் வேகமாகச் சுழலும் வட்ட ரம்பமும் வந்த பிறகு தூளின் தன்மையே மாறிவிட்டது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். வேக்குவம் கிளீனரும் டஸ்ட் கலெக்டரும் ஒன்றுக்கொன்று மாற்று ஆகமாட்டா. முன்னது குறுகிய குழாய் வழியே குறைந்த அளவு காற்றை மிக வலுவாக இழுக்கும். சாண்டர், மரத்தில் பள்ளமும் ஓர வடிவமும் வெட்டும் ரௌட்டர் போன்ற கைக்கருவிகளுக்கு அதுவே ஏற்றது. பின்னது அகலமான குழாய் வழியே ஏராளமான காற்றை குறைந்த அழுத்தத்தில் நகர்த்தும். டேபிள் சாவுக்கும் பிளானருக்கும் அதுதான் வேண்டும். உங்களிடம் கைக்கருவிகள் மட்டுமே இருந்தால், 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி கொண்ட வேக்குவம் கிளீனரிலிருந்து தொடங்குங்கள். அதற்கு முன்னால் காற்றைச் சுழலவிட்டுத் தூளைக் கீழே பிரிக்கும் ஒரு சிறிய சைக்ளோன் வாளியை வைத்தால் பெரும்பகுதித் தூள் அதிலேயே விழுந்துவிடும், வடிகட்டியும் விரைவில் அடைபடாது.

டஸ்ட் கலெக்டர் வாங்கினால் குழாயில் சிக்கனம் பார்க்காதீர்கள். சீவல் வழியில் தங்காமல் ஓடுவதற்குக் காற்று நிமிடத்துக்குச் சுமார் 4000 அடி வேகத்தில் போக வேண்டும். அந்த வேகத்தில் 4 அங்குலக் குழாயில் ஏறத்தாழ 350 கன அடி காற்றுதான் போகும். 6 அங்குலக் குழாயில் 785 கன அடி போகும். உள்ளே வரிவரியாக மேடு உள்ள வளையும் ஹோஸ் காற்றை மிகவும் தடுப்பதால், அதை இயந்திரத்துக்கு அருகே ஓரிரு அடி மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களில் வழவழப்பான குழாயையே போடுங்கள். இங்கே என் மனத்தாங்கல் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் காற்றளவு பெரும்பாலும் குழாயும் வடிகட்டியும் மாட்டாமல் அளந்தது. நான் வாங்கும்போது, பை எத்தனை மைக்ரான் வரை பிடிக்கும் என்று கேட்டதற்கு, "எல்லாம் ஒன்றுதான்" என்றார் விற்றவர். அந்த ஒரு சொல்லை நம்பியதற்கு என் மகளின் மேசை வரை விலை கொடுத்திருக்கிறோம்.

துணிப்பைக்குப் பதிலாக 1 மைக்ரான் அல்லது அதனினும் நுண்ணிய மடிப்பு வடிகட்டியை மாட்டினேன். டேபிள் சாவில் அடியிலிருந்து மட்டும் உறிஞ்சினால் போதாது, ரம்பத்தின் பல்லில் ஒட்டிய தூள் மேலே வந்து முகத்தில் அடிக்கும் என்பதால், பிளேடுக்கு மேலும் ஒரு மூடியும் குழாயும் வைத்தேன். காற்றை வடிகட்டாமல் நேரே வெளியே தள்ளுவதும் நல்ல வழியே; ஆனால் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வர வழி இருக்க வேண்டும். இல்லையேல், வீட்டுக்குள் எரியும் கேஸ் வாட்டர் ஹீட்டரின் புகை உள்பக்கமாக இழுக்கப்படும், அது உயிருக்கே ஆபத்து. அதேபோல, இரும்பைத் தேய்க்கும்போது டஸ்ட் கலெக்டரை இணைத்துவிடாதீர்கள். ஒரு தீப்பொறி தூளுக்குள் பல மணி நேரம் கனன்று, எல்லோரும் உறங்கிய பிறகு பற்றிக்கொள்ளும்.

இத்தனைக்குப் பிறகும் சாண்டர் பிடிக்கும்போதும் பையைக் கொட்டும்போதும் முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தும் முகக்கவசம் அணிகிறேன், இயந்திரத்தை நிறுத்திய பின்னும் சிறிது நேரம் கழற்றுவதில்லை. துடைப்பத்தால் பெருக்குவதையும் நிறுத்திவிட்டேன். மாதம் ஒரு முறை விளக்கை அணைத்து டார்ச் அடித்துப் பார்க்கிறேன். கடைசியாகப் பார்த்தபோது பிளானரின் மூடி ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய கசிவு தெரிந்தது, நுரைப் பட்டை ஒட்டி அடைத்தேன். உங்கள் அறையின் அளவையும் எந்தெந்த இயந்திரங்கள் உள்ளன என்பதையும் எழுதினால், குழாயை எப்படிக் கொண்டுபோகலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.