குரல்கள் நின்றுவிட்டன, தம்பி இன்னும் எழவில்லை

கேள்வி: தம்பிக்கு 23 வயது. எட்டு மாதம் முன்பு முதன்முதலாக சைக்கோசிஸ் (இல்லாத குரல் கேட்பது, காரணமில்லாமல் சந்தேகப்படுவது போன்ற மனநலக் கோளாறு) வந்தது. மருந்தில் குரல்களும் சந்தேகமும் போய்விட்டன. ஆனால் நாள் முழுக்கப் படுத்தே கிடக்கிறான். படிப்பைப் பற்றிப் பேச்செடுத்தால் எரிந்து விழுகிறான். இது சோம்பலா? மருந்தை நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: மருந்தை நிறுத்த வேண்டாம். முதல் முறை வந்தவர்களுக்கும், அறிகுறி அடங்கிய பிறகு குறைந்தது ஓரிரு ஆண்டுகள் தொடரச் சொல்வதே வழக்கம். திடீரென நிறுத்துவதுதான் நோய் திரும்புவதற்கு முக்கியக் காரணம்.

அறிகுறி அடங்குவது ஒன்று, ஆள் தன் வாழ்க்கைக்குத் திரும்புவது வேறொன்று. 2003-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இந்த இரண்டாவது மீட்சியை ஐந்து கட்டங்களாகப் பிரித்தார்கள். முதல் கட்டமே தேக்கம்தான்: 'இனி நான் யார்?' என்ற குழப்பம், தன்னைக் காத்துக்கொள்ள ஒதுங்குவது. உங்கள் தம்பி அங்கே இருக்கலாம்.

ஆனாலும் சோம்பல் என்று தள்ளிவிடும் முன் மூன்றைப் பிரித்துப் பாருங்கள். மாத்திரை போட்ட சில மணி நேரத்தில் மந்தம் கூடுகிறதா, நடக்கும்போது கைகள் வீசாமல் விறைத்து நிற்கின்றனவா? அது மருந்தின் வேலை. டாக்டர் அளவையோ நேரத்தையோ மாற்றிப் பார்ப்பார். வருத்தமும் இல்லை, ஆசையும் இல்லை, முகத்தில் அசைவே இல்லை என்றால் நோயின் மிச்சம். 'என் வாழ்க்கை முடிஞ்சு போச்சு' என்கிறானா? அது மனச்சோர்வு. தெளிவு வந்தபின் வரும் இந்தச் சோர்வு ஆபத்தானது. 'சாகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் தனியே விடாமல் அன்றே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

இந்தக் கட்டத்துக்குக் கல்லூரி பெரிய இலக்கு. ஒரே நேரத்தில் எழுவது, ஒரு வேளை எல்லோருடனும் சாப்பிடுவது, பதினைந்து நிமிட நடை போதும். 'எப்போ காலேஜ் போற?' என்பதை விட்டு, 'கடைக்குப் போறேன், வர்றியா?' என்று கேளுங்கள். வரவில்லை என்றால் நாளைக்கு மறுபடி கேளுங்கள், அவ்வளவுதான்.

அவனாக ஏதாவது ஒன்றில் ஆர்வம் காட்டும்போது அடுத்த கட்டம். அது பாட்டாக இருந்தாலும் சரி, பாடமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. படிப்பென்றால் முதலில் ஒரே ஒரு பாடம். முன்பு நோய் எப்படி ஆரம்பித்தது என்பதை அவன் வாயாலேயே சொல்லவைத்து ஒரு தாளில் எழுதுங்கள்: இரண்டு இரவு தூக்கமில்லை, போனை அணைத்து வைத்தேன், எல்லோரும் என்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. கீழே, இவை மறுபடி தலைகாட்டினால் யாரை அழைப்பது என்பது.

சிலருக்கு ஆண்டுகள் ஆகியும் குரல் முழுதாக நிற்பதில்லை. இரண்டு மருந்துகளைச் சரியான அளவில், ஒவ்வொன்றையும் ஆறு வாரமாவது எடுத்தும் பலனில்லை என்றால், மற்றவை பலிக்காதபோது தரும் குளோசாபின் என்ற மருந்து பற்றி டாக்டரிடம் கேட்கலாம். குரல் மிச்சமிருக்கும்போதே வேலைக்குப் போகிறவர்களும் உண்டு.

பிற்கட்டத்தில் தடை பெரும்பாலும் வீட்டிலிருந்துதான் வரும். ஆரம்பத்தில் மாத்திரையை நீங்களே கையில் கொடுத்தது சரி. அவன் தேறி வரும்போது வாரத்துக்கான மாத்திரைப் பெட்டியை அவனே நிரப்பட்டும். ஞாயிறு மாலை ஒருமுறை மட்டும் இருவரும் சேர்ந்து திறந்து பாருங்கள்.