55 வயதில் வேலையை விடலாமா?

கேள்வி: இலங்கையில், திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். தனியார் நிறுவனம் ஒன்றில் 27 வருடமாகக் களஞ்சியப் பொறுப்பாளர். வருகிற புரட்டாசியோடு 55 முடிகிறது. சேமலாப நிதியை எடுத்துக்கொண்டு வேலையை விட நினைக்கிறேன். பிள்ளைகள் இரண்டு பேரும் உழைக்கிறார்கள். மனைவிதான் வேண்டாம் என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: தம்பி, நானும் 55இல் விட்டவன்தான். உங்கள் மனைவியின் பயத்தில் நியாயம் இருக்கிறது.

அரசாங்க உத்தியோகத்தருக்குப் போல நமக்கு மாதாமாதம் பென்சன் வராது. சேமலாப நிதிக்கு நம் சம்பளத்தில் நாம் கட்டிய 8 வீதமும் முதலாளி கட்டிய 12 வீதமும் வட்டியோடு மொத்தமாகக் கைக்கு வரும், அவ்வளவுதான். வேலையை விடும்போது முதலாளி தரவேண்டிய பணிக்கொடையை மறந்துவிடாதீர்கள். 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடமென்றால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். உங்கள் 27 வருடத்துக்குப் பதின்மூன்றரை மாதச் சம்பளம்.

அந்தக் காசை ஒரேயடியாகக் கண்டதும் எனக்கு மேல்மாடி கட்டி வாடகைக்கு விடும் ஆசை வந்தது. 2021 கடைசியில் தொடங்கினேன். அடுத்த வருடம் சீமெந்தும் கம்பியும் எட்டாத விலைக்குப் போக, தூண்களோடு வேலை நின்றுவிட்டது. நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளில் கயிறு கட்டித்தான் இன்றைக்கும் வீட்டில் உடுப்புக் காயப்போடுகிறோம். துருக்கறை பட்ட சட்டையைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கும். நீங்கள் அந்தக் காசை ஒரு வருடத்துக்குத் தொடாதீர்கள். பிள்ளைகள் கேட்டாலும்தான்.

நான் விட்டது ஐப்பசியில். அடுத்த கிழமையே மாரி பிடித்துக்கொண்டது. கடற்கரைப் பக்கம் நடக்கவும் வழியில்லை. காலை ஏழரைக்குக் குளித்து, சட்டைப்பையில் பேனையைக் குத்திக்கொண்டு கதவடியில் நிற்பேன். மனைவி ஒன்றும் கேட்காமல் தேத்தண்ணி கொண்டுவந்து தருவார். யாரோடும் கதைக்கப் பிடிக்காத இரண்டு மாதங்கள் அவை. மழை விட்ட பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். இப்போது பின்னேரம் மூன்று மணிக்கு நாலு பேர் வருகிறார்கள். அந்த மூன்று மணிக்காகவே மத்தியானச் சாப்பாட்டை நேரத்தோடு முடித்துவிடுகிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 2021இல் வந்த சட்டப்படி 60 வயதுக்கு முன் வயதைக் காட்டி உங்களை வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே அவசரம் வேண்டாம். மிச்சமிருக்கும் வருடாந்த லீவை ஒன்றாக எடுத்து வீட்டில் இருந்து பாருங்கள். கோயில் திருவிழா, கல்யாணம் இல்லாத நாள்களாக இருக்கட்டும். ஒரு கொப்பியில் கரண்ட் பில், மருந்து, மீன் எல்லாவற்றையும் மனைவியின் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அதைப் பார்த்து அவரும் சரி என்றால் விடுங்கள். ஆனால் புரட்டாசியில் வேண்டாம், மாரி கழிந்து பங்குனியில்.