வார்டு உதவியாளர்களுக்குப் பயிற்சி: பணமும் திட்டமும் (கேள்வி பதில்)

வார்டு உதவியாளர், துப்புரவுப் பணியாளர், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், வீட்டுக்குப் போய் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர் என மருத்துவத் துணைப் பணியாளர்களுக்கான பயிற்சி பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

எங்கள் நிர்வாகம் பயிற்சிக்குப் பணமே ஒதுக்குவதில்லை. எப்படிக் கேட்பது?

"பயிற்சி வேண்டும்" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். ஒரு வருடத்துச் சம்பவப் பதிவேட்டை எடுங்கள். எத்தனை ஊசிக்குத்து, எத்தனை பேர் கட்டிலிலிருந்து விழுந்தார்கள், எத்தனை படுக்கைப் புண், முதுகுவலி என்று எத்தனை நாள் விடுப்பு, எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதுங்கள். ஊசிக்குத்தையே எடுத்துக்கொள்வோம். குப்பைப் பையைத் தூக்குபவர் கையில்தான் அது அடிக்கடி ஏறுகிறது. அந்த ஊசியைப் போட்டவர் வேறு யாரோ. தடுப்பூசி போடாதவருக்கு, ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் வைரஸ்) உள்ள நோயாளியின் ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம் வரை. எச்.ஐ.வி. என்றால் சுமார் 0.3 சதவீதம்தான், ஆனாலும் 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கி 28 நாள் கொடுக்க வேண்டும். பரிசோதனை, மருந்து, விடுப்பு எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுக் காட்டுங்கள். கணக்குப் பிரிவுக்குப் புரிகிற மொழி அதுதான். கையோடு தடுப்பூசிச் செலவையும் அதே கோரிக்கையில் சேர்த்துவிடுங்கள்.

பட்ஜெட்டில் என்னென்ன போட வேண்டும்?

பயிற்சியாளர் கட்டணம், தேநீர், சான்றிதழ் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மறந்துபோவது பணியாளரின் நேரம். 40 பேருக்கு ஆளுக்கு 6 மணி நேரம் என்றால் 240 மணி நேரம். 8 மணி நேர ஷிஃப்ட் கணக்கில் 30 ஷிஃப்ட். அந்த 30 ஷிஃப்டுக்கும் வார்டில் யார் நிற்பார்கள்? பதிலாளுக்குக் கூலி போடாத திட்டத்தில், அன்றைக்குக் காலையில் வார்டு சிஸ்டர் "ஆள் இல்லை, அனுப்ப முடியாது" என்பார். அவர் சொல்வது நியாயம். பாதி நாற்காலி காலியாக இருக்கும், பயிற்சியாளருக்கு மட்டும் முழுக் கட்டணம் போகும். பெரும்பாலான திட்டங்கள் விழுவது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. ஆகவே முதல் வரியாகப் பதிலாள் கூலியை எழுதுங்கள். அப்புறம் கையுறை, கிருமிநாசினி போன்ற பொருள்கள், வருட நடுவில் சேரும் புதியவர்களுக்கான பயிற்சி, மறுபயிற்சி. தேநீர் கடைசியில் வரட்டும்.

15 தலைப்புகள் பட்டியல் போட்டிருக்கிறோம். ஒரே நாளில் முடியுமா?

முடியும், மறுநாள் யாருக்கும் எதுவும் நினைவிருக்காது. மூன்றோடு தொடங்குங்கள்: கை சுத்தம், நோயாளியை நகர்த்துவது, கழிவைப் பிரிப்பது. மூன்றையும் வாயால் சொல்லிக்கொடுக்க முடியாது. கை சுத்தத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, ஆல்கஹால் திரவம் என்றால் 20–30 விநாடி, சோப்பும் தண்ணீரும் என்றால் 40–60 விநாடி. ஒளிரும் களிம்பைத் தடவிக் கழுவச் சொல்லிவிட்டு, புற ஊதா விளக்கில் கையைக் காட்டச் சொல்லுங்கள். சரியாகக் கழுவாமல் விட்ட கட்டைவிரலும் நகக்கண்ணும் பளிச்சென்று மின்னும். பத்து ஸ்லைடு செய்யாததை அது செய்யும்.

கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதும் அப்படியே. ஒரு பக்கம் பலவீனமான நோயாளி என்றால் நாற்காலி அவருடைய பலமான பக்கத்தில் நிற்க வேண்டும். பிரேக் போட்டாயிற்றா, கால்பலகை மடக்கியாயிற்றா, நோயாளியின் காலில் வழுக்காத செருப்பு இருக்கிறதா? ஒவ்வொருவரும் ஒருமுறை நோயாளியாக உட்காரட்டும். தூக்கும்போது அக்குளில் கைகொடுத்து இழுத்தால் எப்படி வலிக்கும் என்று அப்போது தெரியும்.

நைட் டியூட்டி முடித்தவர்களைக் காலையில் உட்கார வைக்கலாமா?

வேண்டாம். தூங்கிவிடுவார்கள், தூங்கத்தான் வேண்டும். இரவு ஷிஃப்டிலேயே, வேலை சற்று அடங்கிய நேரத்தில், வார்டிலேயே 20 நிமிடம் நடத்துங்கள். பயிற்சியாளர் ஓரிரு இரவு விழிக்கட்டும்.

ஒப்பந்தப் பணியாளர்களுக்கு யார் செலவு செய்வது?

ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்: பயிற்சி நேரமும் சம்பளமுள்ள வேலை நேரம்தான். இந்த ஒரு வரி இல்லாவிட்டால் வருகைப் பதிவில் அரை நாள் வெட்டு விழும், அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள்.

பயிற்சி கொடுத்ததும் வேறு இடத்துக்குப் போய்விடுகிறார்களே, பாண்டு எழுதி வாங்கலாமா?

குறைந்த சம்பளக்காரரிடம் பாண்டு கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பயிற்சி முடித்தவருக்குச் சம்பளத்தில் சின்னதாக ஒரு படி ஏற்றிக் கொடுங்கள்.

ஒரு அறக்கட்டளை நிதி தர முன்வந்திருக்கிறது. விண்ணப்பத்தில் என்ன எழுதலாம்?

"நூறு பேருக்குப் பயிற்சி" என்பதைவிட, முடித்தவர்கள் என்ன செய்யத் தெரிந்திருப்பார்கள் என்று எழுதுங்கள். நன்கொடையாளர்களுக்குப் பொருள் வாங்கித் தரப் பிடிக்கும், பெயர்ப்பலகை மாட்டலாம் அல்லவா! உயிர்காப்புப் பயிற்சிப் பொம்மை (இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்துவதைப் பழகும் பொம்மை) கேட்டால் கிடைத்துவிடும். அதன் நுரையீரல் பை, முகமூடி போன்ற உதிரிகளுக்கும் இரண்டாம் வருட மறுபயிற்சிக்கும் சேர்த்துக் கேளுங்கள். மார்பை அழுத்தும் திறமை சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும்.

சிலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தேர்வு எப்படி வைப்பது?

எழுத்துத் தேர்வே வேண்டாம். செய்யச் சொல்லிப் பாருங்கள், சரிபார்ப்புத் தாள் உங்கள் கையில் இருக்கட்டும். 5 சதவீத பிளீச் திரவத்தை 0.5 ஆக்கச் சொன்னால், ஒரு கப் பிளீச்சுக்கு ஒன்பது கப் தண்ணீர் ஊற்றுகிறாரா என்பதுதான் கேள்வி. ஆறு வாரம் கழித்து, முன்னறிவிப்பு இல்லாமல் வார்டில் மறுபடி ஒருமுறை பாருங்கள்.