ஆவாரம்பூவும் அத்தையின் மாத்திரையும்

கேள்வி: என் மாமியாருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். மூத்த நாத்தனாருக்கும் உண்டு. அவர் ஒரு மாதமாக ஆவாரம்பூ கஷாயம் குடிக்கிறார். வெறும் வயிற்றில் 178 இருந்தது 134 ஆகிவிட்டதாம். “ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோன்னு சும்மாவா சொன்னாங்க? மூலிகை எதுவும் கெடுதல் பண்ணாது. டாக்டருக்கு மாத்திரை ஓடணும், அதான் வேண்டாங்கிறார்” என்கிறார். அத்தையும் மாத்திரையை நிறுத்தப் போகிறாராம். எங்கோ தப்பு இருக்கிறது என்று தெரிகிறது, எங்கே என்று சொல்ல வரவில்லை. ஒரு வாதம் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது. இதை இன்றைக்கே அத்தையிடம் சொல்லிவிடுங்கள். மற்றதைப் பொறுமையாகப் பேசலாம்.

நாத்தனார் சொன்னது ஒரு வாதம் அல்ல, நான்கு. ஒரே மூச்சில் வருவதால் பலமாகத் தெரிகிறது. பிரித்து வைத்து ஒவ்வொன்றிடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். சொல்லும் காரணம் உண்மையா? உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், அதிலிருந்து இந்த முடிவு வருமா? இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் வீட்டுப் பேச்சு சண்டையாகிறது.

‘மூலிகை எதுவும் கெடுதல் செய்யாது. ஆவாரம்பூ மூலிகை. அதனால் அதுவும் செய்யாது.’ வரிகள் கோத்திருக்கும் விதம் சரியாக இருக்கிறது. முதல் வரி உண்மையானால் முடிவை மறுக்கவே முடியாது. ஆனால் முதல் வரி நிற்காது. அரளியும் செடியில் விளைவதுதான், எட்டிக்காயும் மரத்தில் காய்ப்பதுதான். ‘எதுவும்’, ‘எல்லாம்’ என்று தொடங்கும் பேச்சை முறிக்க ஒரே ஒரு மாற்று உதாரணம் போதும்.

178, 134 கணக்கில் நிலைமை நேர் எதிர். காரணம் உண்மை, மீட்டர் காட்டியிருக்கிறது. முடிவுதான் வரவில்லை. மழை பெய்தால் வாசல் நனையும். வாசல் நனைந்திருக்கிறது என்பதற்காக மழை பெய்தது என்று சொல்லிவிட முடியுமா? விடியற்காலையில் யாராவது வாசல் தெளித்திருக்கலாமே. கஷாயம் குடிக்கத் தொடங்கும் அக்கறை வந்தவர் அதோடு காபியில் சர்க்கரையை விட்டிருக்கலாம், மாலையில் நடக்க ஆரம்பித்திருக்கலாம். மாத்திரையும் போட்டுக்கொண்டேதான் இருந்தாரா? முந்தைய இரவின் சாப்பாடும் தூக்கமும்கூட ஒரு நாள் காலை அளவை மாற்றும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

இந்தச் சோதனை நமக்குப் புதிதல்ல. மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு இதையே பாடமாக நடத்துகிறார். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டியது. புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களையைப் போல என்பது திட்டாந்தம், அதாவது உதாரணம். இதோடு விடவில்லை. நெருப்பு இல்லாத இடத்தில் புகையும் இல்லை, தண்ணீரைப் போல என்று மறுபக்கத்தையும் காட்டுகிறார். எனக்கு இந்தத் தண்ணீர்தான் மிக முக்கியமாகப் படுகிறது. நாத்தனாரின் வாதத்தில் இல்லாததும் இதுதான்: கஷாயம் குடிக்காமல், மற்றதெல்லாம் அதேபோல் செய்தவர்களுக்கு என்ன ஆயிற்று? ஆவியா பனியா என்று சந்தேகம் இருக்கும்போதே அதைப் புகை என்று கொண்டு நெருப்பு உண்டு என்று துணிவதையும் அந்தக் காதை குற்றங்களில் ஒன்றாக வைக்கிறது. ஒருநாள் அளவை நம்பி மாத்திரையை நிறுத்துவது அப்படிப்பட்ட துணிவுதான்.

டாக்டர் பற்றிய பேச்சுக்கு அதிக நேரம் வேண்டாம். அவருக்கு லாபம் இருக்கிறது என்றே வையுங்கள், அதனால் மாத்திரை வேலை செய்யாமல் போய்விடுமா? பழமொழி ஆவாரையின் பெருமையைச் சொல்கிறது. அத்தைக்கு எவ்வளவு கொடுப்பது, மாத்திரைக்குப் பதிலாகுமா என்று அது சொல்லவில்லை.

ஒரு எச்சரிக்கை உங்களுக்கும். வாதத்தில் ஓட்டை இருப்பதால் முடிவு பொய் என்று ஆகிவிடாது. ஆவாரம்பூவால் பலன் இல்லை என்று நீங்கள் நிரூபித்துவிடவில்லை. நாத்தனார் காட்டியது போதவில்லை, அவ்வளவே. அதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள், முகம் சுளிக்க மாட்டார்.

அத்தைக்குக் கஷாயம் வேண்டும் என்றால் மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கலாமா என்று முதலில் மருத்துவரைக் கேளுங்கள். இரண்டும் சேர்ந்து சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கினால் அதுவும் ஆபத்து. மருத்துவர் சம்மதித்தால், தொடங்கும்போது ஒருமுறை, மூன்று மாதம் கழித்து ஒருமுறை ஹெச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை பாருங்கள். அது ஏறக்குறைய கடைசி மூன்று மாதத்தின் சராசரியைக் காட்டும். இடையில் சாப்பாடு, நடை, மாத்திரை எதையும் மாற்ற வேண்டாம். தொடங்குவதற்கு முன்பே நாத்தனாரையும் அத்தையையும் உட்கார வைத்து, “எவ்வளவு வந்தால் பலன் இல்லை என்று ஒத்துக்கொள்வீர்கள்?” என்று கேட்டு, அந்த எண்ணைக் காலண்டரில் எழுதி வைத்துவிடுங்கள்.